காலி ஜாம் பாட்டில்: பருப்பா, தொக்கா, மணி பிளாண்டா?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுப் பரணில் போன மாதம் எண்ணிப் பார்த்தபோது 23 காலி கண்ணாடி பாட்டில்கள் இருந்தன. ஜாம், தேன், காபித்தூள், ஊறுகாய் என்று கலவையாக. பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டில்கள் இரண்டும் அதில் அடக்கம். அவை அம்மா வீட்டிலிருந்து வந்த சொத்து, கை வைக்க முடியாது. தெருவில் வரும் பழைய பேப்பர் வண்டிக்காரர் இரும்பு கேட்பார், அட்டை கேட்பார். கண்ணாடி என்றால் மட்டும் "அத நீயே வெச்சிக்கோம்மா" என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவார். ஆக, வீட்டுக்குள்ளேயே வேலை தேடித் தர வேண்டியதுதான். மளிகை, தொக்கு, செடி, விளக்கு என்று நான்கையும் செய்து பார்த்தாகிவிட்டது.

எதற்கு எந்த பாட்டில் என்று முடிவு செய்ய, நான் பாட்டிலைப் பார்ப்பதில்லை. மூடியைத் திருப்பிப் பார்ப்பேன். உள்ளே ஓரத்தில் ரப்பர் மாதிரி ஒரு வளையம் ஒட்டியிருக்கும். காற்றுப் புகாமல் காப்பது அதுதான். ஊறுகாய் வாடையைப் பிடித்துவைத்துக்கொள்வதும் அதுவேதான். கண்ணாடியில் வாடை தங்காது. எத்தனை முறை கழுவியும் பாட்டில் நாறுகிறது என்றால் குற்றவாளி மூடி. வளையம் முழுசாக இருந்து, தகரத்தில் கீறலும் துருவும் இல்லையென்றால் அது முதல் தரம். மற்றதெல்லாம் மூடியில்லாத வேலைக்குப் போகட்டும்.

முதல் தரத்தில் மளிகைதான் ஜெயிக்கிறது. ஆனால் எல்லா மளிகையும் இல்லை. அரை கிலோ தேன் பாட்டிலில் அரை கிலோ துவரம்பருப்பைக் கொட்டப் போய் மேடையெல்லாம் சிந்தவிட்டவள் நான். தேன் கனம். அரை கிலோ தேனுக்கு 350 மில்லி இடம் போதும். அதே இடத்தில் பருப்பு 300 கிராம் பிடித்தாலே அதிகம். மாதத்துக்கு மூன்று கிலோ பருப்பு ஆகும் வீட்டில் இதெல்லாம் சரிப்படாது, எவர்சில்வர் தூக்கே மேல். கடுகு, சீரகம், வெந்தயம், மிளகு, பெருங்காயக் கட்டி, இவற்றுக்குத்தான் கண்ணாடி. எவ்வளவு மீதி என்று வெளியிலிருந்தே தெரியும். வண்டு வந்தாலும் உடனே கண்ணில் படும். மிளகாய்த்தூளை மட்டும் அலமாரிக்குள் வையுங்கள். ஜன்னலோரம் வைத்தால் வெளிச்சம் பட்டு நிறம் வெளுத்துவிடும்.

சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் காயவைத்த சாமானைச் சூட்டோடு அள்ளி அடைக்கக் கூடாது. ஈரம் மிச்சமிருந்தால் ஆறும்போது உள்ளே வேர்க்கும், அப்புறம் பூசணம்தான். சாமான் நன்றாக ஆறட்டும். பாட்டிலும் அப்படித்தான், கழுவிய பிறகு ஒரு நாள் முழுக்கக் கவிழ்த்து வைத்தால்தான் நம்பலாம்.

அடுத்தது தொக்கு. பலரும் முதலில் நினைப்பது இதைத்தான், என் கணக்கில் தோற்பதும் இதுதான். எங்கள் பக்கத்து முள்ளு கத்தரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளைவதுதான் பேர்போனது. புளி தூக்கலாகப் போட்டுத் தொக்கு செய்தால் பிரியாணிக்கும் ஆகும், பழைய சோற்றுக்கும் ஆகும். போன தை மாதம் இரண்டு கிலோ வாங்கித் தொக்கு கிளறினேன். குடியாத்தத்திலிருந்து வந்திருந்த அத்தை பார்த்துவிட்டு, "ஏம்மா, தகர மூடி போட்ட பாட்டில்ல புளிச் சாமான் வெக்காத, துரு எடுக்கும்" என்றார். கேட்டேனா? மூன்றாவது வாரம் மூடியின் உள்பக்கம் பழுப்புப் புள்ளிகள், தொக்கின் மேல் எண்ணெயிலும் அதே நிறம். உப்பும் புளியும் சேர்ந்தால் தகரத்தின் பூச்சில் சின்னக் கீறல் இருந்தாலும் போதும், அரித்துவிடும். அந்தப் பாட்டிலை அப்படியே கொட்டினேன்.

இன்னொரு பாட்டில் அதற்கு முன்பே போய்விட்டது. பச்சைத் தண்ணீரில் கழுவிய கையோடு அடுப்பிலிருந்து இறக்கிய தொக்கை ஊற்றினேன். 'டிக்' என்று ஒரு சத்தம். தூக்கிப் பார்த்தால் அடிப்பாகம் வட்டமாகக் கழன்று மேடையிலேயே நிற்கிறது, தொக்கு அதைச் சுற்றி ஏரி கட்டிக்கொண்டிருக்கிறது. ஜாம் பாட்டில் சாதாரணக் கண்ணாடி, சோதனைக்கூடத்துக் குடுவை இல்லை. உள்பக்கம் சூட்டில் விரியும்போது வெளிப்பக்கம் குளிர்ந்தே இருந்தால் இழுபறியில் விரிசல் விடும். அடி தடிமனாக இருப்பதால் அங்கே இழுபறி அதிகம். ஆறவைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். ஃப்ரீசர் பக்கமும் போகாதீர்கள். தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பருக்கும், கழுத்து குறுகிய பாட்டில் அதற்குத் தாங்காது.

அத்தையே ஒரு வழியும் சொன்னார்: துருப்பிடித்த மூடியைத் தூக்கிப் போட்டுவிட்டு வேடு கட்டு. உப்புப் போட்ட எலுமிச்சையைப் பாட்டிலில் போட்டு, வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, பகலில் மாடிச் சுவரில் வெயில் காட்டுவது. பீங்கான் ஜாடியிலும் இதைத்தான் செய்கிறோம். கண்ணாடியில் ஒரு வசதி, உப்புத் தண்ணீர் எவ்வளவு விட்டிருக்கிறது என்று துணியை அவிழ்க்காமலே பார்க்கலாம். இங்கே அடிக்கும் வெயிலுக்கு எலுமிச்சைத் தோல் சீக்கிரமே மெத்தென்று ஆகிவிடும். ஊறி முடிந்த பிறகு தாளிக்க வேறு பாத்திரம், வைக்க ஜாடி. பாட்டிலுக்கு இடைக்கால வேலை மட்டும்தான்.

மணி பிளாண்ட் ஜன்னலில் அழகாகத்தான் இருக்கிறது. கணு ஒன்று தண்ணீரில் முங்கினால் வேர் விட்டுவிடும். எங்கள் போர் தண்ணீர் உவர்ப்பு, அதனால் ஓரத்தில் வெள்ளைப் படலம் கட்டும், வெளிச்சம் நேரே பட்டால் பாசியும் பிடிக்கும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வாரம் ஒரு முறை தண்ணீரைக் கொட்டி, பாட்டிலைத் தேய்த்துக் கழுவ மறப்பவர்கள் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. டெங்கு கொசுவின் முட்டை பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும், அதற்குப் பெரிய தொட்டி தேவையில்லை.

விளக்கு வருஷத்துக்கு ஒரு நாள் வேலை. திருவண்ணாமலை 1989 வரை எங்கள் வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது, அதனாலோ என்னவோ கார்த்திகைக்கு இங்கே வாசலில் கொஞ்சம் கூடுதலாகவே விளக்கு வைப்போம். அகல் காற்றில் அணையும். அகன்ற வாய் பாட்டிலுக்குள் அணையாது. முக்கால் பாகம் தண்ணீர், மேலே இரண்டு விரல்கடை நல்லெண்ணெய், மிதக்கும் திரி. எண்ணெய் தீர்ந்ததும் திரி தண்ணீரில் பட்டுத் தானே அணைந்துவிடும். மழைத் தூறல் மட்டும் சூடான பாட்டிலில் படக்கூடாது, காரணம் மேலே தொக்குக் கதையில் இருக்கிறது.

பெயிண்ட் அடித்து, சணல் சுற்றி அலங்காரம் செய்வதை நான் போட்டியிலேயே சேர்க்கவில்லை. உள்ளே இருப்பது தெரிவதுதான் கண்ணாடியின் ஒரே பெருமை, அதையும் மூடிவிட்டால் அப்புறம் தகர டப்பா போதுமே.

இன்றைய நிலவரம்: மளிகைக்கு 11, வேடு கட்ட 4, ஜன்னலில் 2, கார்த்திகைக்கு என்று எடுத்து வைத்தது 4. ஹார்லிக்ஸ் பாட்டில் இரண்டும் பரணிலேயே இருக்கின்றன. துருப்பிடித்த மூடிகள் ஒரு பை நிறையச் சேர்ந்துவிட்டன. அதையாவது எடுத்துக்கொள்வாரா என்று வண்டிக்காரரைக் கேட்க வேண்டும், அது இரும்புதானே.