பழைய அமெரிக்க வில் வாங்கப் போறவங்க கவனத்துக்கு: எனக்கு 46,500 ரூபாய் போச்சு

நேத்து சாயங்காலம் அந்தக் கடைக்காரர் என் நம்பரை பிளாக் பண்ணிட்டார். போன பணம் 46,500 ரூபாய். ஆறப்போட்டா எழுத மாட்டேன்னு தெரியும், அதான் இப்பவே உட்கார்ந்துட்டேன். பழைய ரீகர்வ் வில் (நுனி எதிர்ப்பக்கம் வளைஞ்ச வில்) வாங்கற ஆசை இருக்கறவங்க முழுசா படிங்க. எதைப் பார்த்து வாங்கணும்னு கடைசியில சொல்றேன்.

எனக்கு கிருஷ்ணகிரி பக்கம் கிராமம். ஊர் எல்லையில வேடியப்பன் இருக்கார். கோவில்னு கட்டடம் கிடையாது, வேப்பமரத்தடியில ஒரு நடுகல், அதுல வில்லைப் பிடிச்சு நிக்கற வீரன். சின்ன வயசுல பொங்கல் வைக்கப் போனா எல்லாரும் படையலைப் பார்ப்பாங்க, நான் அந்த வில்லைப் பார்ப்பேன். வேலைக்குப் போய்த்தான் வில் பிடிக்கக் கத்துக்கிட்டேன். நாலு வருஷமா ஞாயித்துக்கிழமை தவறினதில்லை. எங்கிட்ட இருக்கறது கழட்டி மாட்டற சாதாரண வில். மரத்துல இழைச்ச பழைய ஒத்தை வில் ஒண்ணு வேணும்னு ரொம்ப நாள் ஆசை.

கடை ஓசூர் பக்கம். பித்தளைப் பாத்திரம், சுவர்க் கடிகாரம், கிராமபோன் எல்லாம் விக்கற பழம்பொருள் கடை. பேர் போடல, விசாரிச்ச வக்கீல் இப்போதைக்கு வேண்டாம்னுட்டார். கடைக்காரருக்கு அறுபது வயசு இருக்கும். போன உடனே டீ வரவழைச்சார். "தம்பி, இதை எல்லாருக்கும் காட்றதில்ல"ன்னு சொல்லிட்டு உள்ளே போய் வேட்டியில சுத்தின வில்லை எடுத்துட்டு வந்தார். பியர் ஆர்ச்சரி கம்பெனியோட கிரிஸ்லி மாடல், முழுசா இழுக்க 45 பவுண்டு விசை வேணும். ஃபிரெட் பியர்னு அமெரிக்காவுல பெரிய வில் வேட்டைக்காரர், அவர் ஆரம்பிச்ச கம்பெனி. குடகுல ஒரு காப்பி எஸ்டேட் முதலாளி வீட்டுலருந்து வந்ததுன்னார்.

நான் விழுந்தது அதுக்கப்புறம்தான். அவரா எதுவும் சொல்லல. மேஜை டிராயர்லருந்து பூதக்கண்ணாடி எடுத்து என் கையில குடுத்தார். "நான் சொன்னா நம்பாதீங்க தம்பி, நீங்களே படிங்க." குனிஞ்சு படிச்சேன். வில்லுமேல பொடி எழுத்துல ஒரு நம்பர், பக்கத்துல கனடா, 1953. "கனடாவுல 1953-ல செஞ்சது. உங்கப்பா பொறக்கறதுக்கு முன்னாடி வில்லு"ன்னார். நானே என் கண்ணால படிச்சதுக்கப்புறம் எனக்கு என்ன சந்தேகம் வரும்? ஐம்பதாயிரம் கேட்டார், 46,500-க்கு முடிஞ்சுது. பத்து மாசம் கட்டி எடுத்த சீட்டுப் பணம். அங்கேயே நின்னு போன்ல அனுப்பினேன்.

பில் கேட்டேன். துண்டுச் சீட்டுல எழுதிக் குடுத்தார், மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டேன். அதுல என்ன எழுதியிருந்ததுன்னு பிரிச்சுப் பார்க்கவே இல்லை.

வீட்டுக்கு வந்து போட்டோ எடுத்து, பெங்களூர்ல பழைய வில் சேர்க்கிற ஒரு பெரியவருக்கு அனுப்பினேன். பெருமையா 1953-ன்னு எழுதியிருந்தேன். உடனே போன் பண்ணிட்டார்.

"ரைசர்ல, அதான் நடுவுல கைப்பிடிப் பகுதியில, பித்தளைக் காசு மாதிரி பதிச்சிருக்கே, அது மரத்தோட மட்டமா இருக்கா?"

"ஆமா சார்."

"அப்ப 1953 கிடையாதுப்பா. காசு பதிக்கறதையே அவங்க 1959-லதான் ஆரம்பிச்சாங்க. முதல்ல செம்பு, இடையில வேற உலோகம், அப்புறம் பல வருஷம் பித்தளை. 1971, 72-ல வெள்ளை நிறத்துல நிக்கல் சில்வர். 1973-லருந்து மட்டமாவே இருக்காது, மேல தூக்கின பிளாஸ்டிக் வட்டம். உன்னுது அறுபதுகள்ல செஞ்சது."

1953 அப்ப என்னன்னு கேட்டேன். அது கனடாவுல காப்புரிமை (பேட்டன்ட்) கிடைச்ச வருஷமாம். பக்கத்துல இருந்த நம்பர் 2,665,678, அது அமெரிக்கக் காப்புரிமை. குடுத்த தேதி 1954 ஜனவரி 12. அந்த நம்பரைச் சுமந்துக்கிட்டு ஒரு வில் 1953-லயே எப்படி வெளிய வரும்? அந்தக் கம்பெனி 1978-ல புளோரிடா மாநிலம் கெய்ன்ஸ்வில்லுக்குப் போற வரைக்கும் மிச்சிகன்ல கிரேலிங்ங்கற ஊர்லதான் வில் செஞ்சுக்கிட்டு இருந்தது. என் வில்லுலயும் கிரேலிங்னுதான் போட்டிருக்கு. கனடாவுல செஞ்சதுன்னு அவர் சொன்னதும் பொய். இந்தக் காப்புரிமை எழுத்தை அவங்க வருஷக்கணக்கா பல வில்லுலயும் அப்படியே போட்டிருக்காங்க, இதைக் காட்டி ஏமாத்தறது உலகம் பூரா நடக்கறதுதான்னார். பூதக்கண்ணாடியை ஏன் அவ்வளவு தயாரா வெச்சிருந்தார்னு அப்பத்தான் உறைச்சது.

அறுபதுகள்ல வந்த கிரிஸ்லி ஒண்ணும் மட்டமான வில் இல்லை. நல்லா இருந்திருந்தா மனசைத் தேத்திக்கிட்டு ஞாயித்துக்கிழமை எய்திருப்பேன். ஆனா நாண் ஏத்தினப்பதான் மீதி தெரிஞ்சது. நாண் ஏத்தறதுக்குன்னே இருக்கற ஸ்ட்ரிங்கர் கயிறு போட்டு, முறையா, மெதுவாத்தான் ஏத்தினேன். நாண் கீழ் லிம்ப்ல, அதாவது கைப்பிடிக்குக் கீழ வளையற பாகத்துல, நடுவுல படியல, ஒரு ஓரமாப் போச்சு. லிம்ப் முறுக்கியிருக்கு. கடையில நாண் இல்லாமக் காட்டினதுக்குக் காரணம் அதுதான். இறக்கிடலாம்னு கை வைக்கறதுக்குள்ள 'டிக்'குனு ஒரு சத்தம். நுனிப்பக்கம் ஃபைபர் கண்ணாடி மரத்தை விட்டு ஒரு விரல் நீளத்துக்குப் பிரிஞ்சு நின்னுச்சு. உள்ளே பார்த்தா காய்ஞ்சு வெள்ளையாப் போன பசை. ஏற்கனவே பிரிஞ்சதை ஒட்டி, மேல பளபளன்னு வார்னிஷ் அடிச்சு மறைச்சிருக்காங்க. முழுசா இழுத்திருந்தா அந்தத் துண்டு என் முகத்துல அடிச்சிருக்கும். என் பையன் ரெண்டடி தள்ளி நின்னு பார்த்துக்கிட்டு இருந்தான்.

கடைக்குப் போன் பண்ணினேன். முதல் நாள், "கஸ்டமர் இருக்காங்க தம்பி, அப்புறம் கூப்பிடறேன்." கூப்பிடல. ரெண்டாம் நாள், "உங்களுக்கு நாண் ஏத்தத் தெரியல, உடைச்சுட்டு எங்கிட்ட வர்றீங்களே." பசை இருக்கற போட்டோ அனுப்பினேன். நீல டிக் வந்துச்சு, பதில் வரல. மூணாம் நாள், "பழம்பொருளுக்கு ரிட்டர்ன் ஏது தம்பி? பழசுன்னா அப்படித்தான் இருக்கும்." நேர்ல போனேன். கடைப் பையன் "ஐயா பெங்களூர் போயிட்டார்ணா"ன்னான். உள்ளறையில ஃபேன் ஓடுது. வாசப்படியில அவர் செருப்பு கிடக்குது, முதல் நாள் டீ குடுத்தப்ப போட்டிருந்த அதே செருப்பு. முக்கால் மணி நேரம் நின்னேன். அவர் வெளிய வரவே இல்லை.

அன்னைக்குத்தான் அந்தச் சீட்டைப் பிரிச்சுப் பார்த்தேன். "பழைய மரச்சாமான் 1, ரூ.46,500." வில்னு இல்லை. பியர்னு இல்லை. 1953-ன்னு இல்லை. கடை முத்திரைகூட இல்லை. தம்பி தம்பின்னு கூப்பிட்டுக்கிட்டே எழுதின சீட்டு அது.

நேத்து கடைசியா ஒரு மெசேஜ் போட்டேன்: முழுப் பணம் வேண்டாம், பாதி குடுங்க, வில்லைத் திருப்பித் தர்றேன். அதுக்குத்தான் பிளாக்.

வீட்டுல எங்கம்மா ஒண்ணும் சொல்லல. சம்சாரம் மட்டும், "சீட்டுப் பணமாச்சேங்க"ன்னு ஒரு தடவை சொன்னா. அந்தப் பணத்துல மாந்தோப்புக்கு மோட்டார் மாத்தறதா பேசி வெச்சிருந்தோம். 46,500 ரூபாய்க்கு இப்ப சுவத்துல சாத்தி வெச்சிருக்கற ஒரு பிரிஞ்ச வில்தான் மிச்சம்.

1915-ங்கற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் பண்ணி புகார் பதிஞ்சாச்சு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல அஞ்சு லட்சம் வரைக்கும் உள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லைன்னு வக்கீல் சொன்னார், அதையும் போடப் போறேன். போன்ல பணம் அனுப்பின ஆதாரம் இருக்கு. பூதக்கண்ணாடியோட அவர் நிக்கற போட்டோ ஒண்ணும் இருக்கு, அன்னைக்கு சந்தோஷத்துல எடுத்தது.

எப்படிப் பார்த்து வாங்கணும்னு எழுதறதாச் சொன்னேன். மணி ஒண்ணரை ஆகுது, முடிஞ்சதைச் சொல்றேன். வில்லுமேல இருக்கற வருஷத்தை நம்பாதீங்க, அது காப்புரிமை வருஷமா இருக்கும். ரைசர்ல பதிச்ச காசைப் பாருங்க, ஊர்ப் பேரைப் பாருங்க. கெய்ன்ஸ்வில்னு இருந்தா 1978-க்கு முன்னாடி போகாது. கடையிலயே நாண் ஏத்திக் காட்டச் சொல்லுங்க, நுனியிலருந்து ஒரு கண்ணை மூடிப் பாருங்க, நாண் ரெண்டு லிம்ப்லயும் நடுவுல ஓடணும். ஏத்த மாட்டேன்னா எழுந்து வந்துடுங்க. லிம்ப் ஓரத்துல நகத்தை ஓட்டிப் பாருங்க, வார்னிஷ் எங்கயாவது மட்டும் புதுசா மின்னினா வேண்டாம். பழைய வில்லுக்குக் கொஞ்சம் இழுபடற டேக்ரான் (பாலியெஸ்டர்) நாண்தான், இப்ப வர்ற இழுபடாத நாண் போட்டா நுனி தாங்காது. பில்லுல பொருள், கம்பெனி, அவர் சொன்ன வருஷம் மூணும் எழுதி வாங்கின பிறகு பணத்தை அனுப்புங்க.

ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் வேற யாருக்காவது இதே மாதிரி பூதக்கண்ணாடி குடுத்து வித்திருந்தா எனக்கு மெசேஜ் பண்ணுங்க. சனிக்கிழமை மறுபடி அந்தக் கடைக்குப் போறேன், கூட ரெண்டு பேர் வந்தா நல்லது.