ஹவுலின் கோட்டை: நாவல் முதலிலா, படம் முதலிலா?

கோடை விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த தங்கை மகள், அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை உருவி, அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது படமாவும் வந்திருக்கே மாமா, படத்தையே பாத்துடலாமே" என்றாள். டயானா வின் ஜோன்ஸ் 1986இல் எழுதிய 'ஹவுல்'ஸ் மூவிங் காஸில்' அது. ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகி அதை 2004இல் ஸ்டூடியோ ஜிப்லி நிறுவனத்துக்காக அனிமேஷன் படமாக்கினார். நாவலையும் படத்தையும் அதற்கு முந்தைய மாதம்தான் பத்து நாள் இடைவெளியில் முடித்திருந்தேன் என்பதால், புத்தகம் முதலில், படம் பிறகு என்ற பதில் என்னிடம் தயாராக இருந்தது. எட்டாம் வகுப்பை அப்போதுதான் முடித்திருந்த பிள்ளைக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை என்பதை அவள் முகமே சொன்னது. அவளிடம் இரண்டு வாக்கியங்களில் சொல்லி முடித்த காரணத்தை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன். கதையின் முடிவையும் தொடாமல் இதைப் பேச முடியாது. இரண்டையும் இனிமேல்தான் அணுகப் போகிறவர்கள் அதை அறிந்து படிக்கவும்.

தொடக்கம் இரண்டிலும் ஒன்றுதான். தொப்பிக் கடையில் உட்கார்ந்து தைக்கும் சோஃபி என்ற இளம்பெண்ணைப் பாழ்நிலச் சூனியக்காரி கிழவியாக்கிவிடுகிறாள். அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்க முடியாது என்பதும் சாபத்தின் ஒரு பகுதி. வீட்டை விட்டுக் கிளம்பும் சோஃபி, இளம்பெண்களின் இதயத்தைத் தின்பவன் என்று ஊரே அஞ்சும் ஹவுல் என்ற மந்திரவாதியின் நகரும் கோட்டைக்குள் நுழைந்து, அங்கே அடுப்பில் குடியிருக்கும் கால்சிஃபர் என்ற நெருப்புப் பூதத்தோடு ஓர் உடன்பாட்டுக்கு வருகிறாள். ஹவுலுக்கும் பூதத்துக்கும் இடையே உள்ள கட்டை அவள் அவிழ்த்துவிட்டால், அவளுடைய சாபத்தைப் பூதம் நீக்கிவிடும். ஹவுலின் இதயம் அந்த நெருப்புக்குள் இருக்கிறது என்பதுதான் கட்டின் ரகசியம். ஏழு கடல், ஏழு மலை தாண்டி, கிளிக்குள் உயிரை ஒளித்துவைத்த அரக்கனின் கதையைப் பாட்டியிடம் கேட்டவர்கள் அதை எளிதில் ஊகித்துவிடுவார்கள். நானும் பாதிப் புத்தகத்திலேயே ஊகித்துவிட்டேன்; அதனால் சுவை எதுவும் குறைந்துவிடவில்லை.

கண்ணுக்கும் காதுக்கும் உரியவற்றில் படம் முந்துகிறது என்பதைச் சொல்ல அதிகச் சொற்கள் வேண்டாம். புத்தகத்தில் கோட்டை என்பது கரிய கற்களும் நான்கு கோபுரங்களும் கொண்ட, புகை கக்கும் உயரமான கட்டடம், அவ்வளவுதான். படத்தில் அது தகரமும் புகைபோக்கியும் பீரங்கி வாயுமாகக் கண்டதையெல்லாம் ஒட்டவைத்து, கோழிக்கால்களில் தள்ளாடி நடக்கும் ஒரு பிராணி. ஜோ ஹிசைஷியின் வால்ட்ஸ் மெட்டு, படம் முடிந்து இரண்டு நாள் ஆகியும் என் வாயை விட்டுப் போகவில்லை. கால்சிஃபரின் தலையில் வாணலியை அழுத்திப் பன்றி இறைச்சியும் முட்டையும் பொரிக்கும் காட்சியில், வீசிய முட்டை ஓடுகளை அந்த நெருப்பு வாய் திறந்து விழுங்குகிறது. அதைப் பார்த்து, சைவச் சமையலறையில் வளர்ந்த எனக்கே பசித்தது.

இரண்டும் பிரியும் இடம் கோட்டையின் கதவு. கதவில் நான்கு நிறங்கள் உண்டு. எந்த நிறத்துக்குத் திருப்புகிறோமோ அதற்குரிய ஊரில் வாசல் திறக்கும். புத்தகத்தில் கறுப்பு நிறம் நம் உலகத்து வேல்ஸில் திறக்கிறது. அங்கே ஹவுலின் பெயர் ஹவெல் ஜென்கின்ஸ். மந்திரங்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதியும் உருப்படவில்லை என்று உடன்பிறந்தவளிடம் திட்டு வாங்குகிறவன். அவள் வீட்டு வாயிலில் 'ரிவென்டெல்' என்ற பெயர் எழுதியிருக்கிறது. 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் விரிவுரைகளை ஆக்ஸ்ஃபோர்டில் கேட்ட ஜோன்ஸ், அவருடைய எல்ஃப்களின் உறைவிடத்தைப் புறநகர் வீடொன்றுக்குப் பெயராக மாட்டிவிட்டுச் சிரிக்கிறார். படத்தில் வேல்ஸ் இல்லை. கறுப்பு வாசல் போருக்குள் திறக்கிறது, ஹவுல் பறவை உருக்கொண்டு எரியும் ஊர்களுக்கு மேலே பறக்கிறான். இராக் போர் இந்தப் படத்தை ஆழமாகப் பாதித்ததாக மியாசாகியே சொல்லியிருக்கிறார். தம் முந்தைய படத்துக்கு 2003இல் கிடைத்த ஆஸ்கரை வாங்க அமெரிக்கா செல்லாததற்கும் அந்தப் போரையே பின்னாளில் காரணமாகக் கூறினார். அந்தச் சினத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும், கணினி விளையாட்டை விட்டு நிமிராத மருமகனிடம் ஒரு பெரிய மந்திரவாதி பேச்சுக் கொடுத்துப் பார்க்கும் காட்சியைப் படம் கைவிட்டது எனக்கு நஷ்டமாகத்தான் படுகிறது.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறையச் சமமாகவே நிற்கும். என்னைப் புத்தகத்தின் பக்கம் சாய்த்தது, இரண்டாம் முறை போகும்போது என்ன கிடைக்கிறது என்பதுதான். ஒரு முறை படித்துவிட்டு யாருக்காவது கொடுத்துவிடும் புத்தகத்துக்கும், அலமாரியில் வைத்துக்கொள்ளும் புத்தகத்துக்கும் என் கணக்கில் வேறுபாடு அதுவே. ஜோன்ஸின் நாவலை முடித்த அன்றிரவே முதல் அத்தியாயத்தை மறுபடியும் புரட்டினேன்; முதல் முறை கண்ணில் பட்டும் கருத்தில் ஏறாத ஒன்று அங்கே வெட்டவெளியில் கிடந்தது.

சோஃபி தொப்பிகளோடு பேசுகிறாள். கடையின் பின்னறையில் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாததால், தைத்து முடித்த ஒவ்வொரு தொப்பியையும் தாங்கியில் மாட்டி, அதற்கு ஒரு வாழ்க்கையைச் சொல்கிறாள்; பெரிய இடத்துக்காரன் ஒருவன் உன்னைக் கண்டதும் மயங்கப் போகிறான் என்று ஒரு தொப்பியிடம் சொல்கிறாள். கொஞ்ச நாளில், அந்தத் தொப்பியை வாங்கிப்போன பெண் ஒரு பிரபுவோடு போய்விட்டாள் என்று ஊர் பேசுகிறது. முதல் வாசிப்பில் இதைத் தனிமையில் வாடும் பெண்ணின் வேடிக்கைப் பழக்கம் என்றும், கடைவீதி வம்பு என்றும் கடந்துபோனேன். இரண்டாம் வாசிப்பில்தான் அது கதையின் அச்சாணி என்று தெரிந்தது. சோஃபி, தான் அறியாமலே, சொன்னது பலிக்கும் வாய் படைத்தவள். வேலியில் சாய்ந்து கிடந்த சோளக்கொல்லைப் பொம்மையை நிமிர்த்தி நிறுத்தி அவள் நாலு வார்த்தை பேசியதால்தான் அது உயிர் பெற்று அவளைத் துரத்துகிறது. அவள் பேசிப் பேசியே ஒரு கைத்தடி மந்திரக்கோலாகிறது. ஆசிரியர் எதையும் ஒளிக்கவில்லை. வாசகனின் கண்முன்னே வைத்துவிட்டு, பராக்குப் பார்க்கச் சொல்லி ஏமாற்றியிருக்கிறார்.

இதன் உச்சம் சாபத்தைப் பற்றிய ஒரு பேச்சில் வருகிறது. அவள் சபிக்கப்பட்டவள் என்பதை ஹவுல் முதலிலேயே கண்டுகொண்டு, அவளுக்குத் தெரியாமல் பலமுறை சாபத்தை எடுக்க முயன்றிருக்கிறான். ஒவ்வொரு முறையும் தோற்றிருக்கிறான். கிழவி வேடம் அவளுக்கே பிடித்திருக்கிறது போலும் என்ற முடிவுக்கு வந்ததாக அவளிடமே சொல்கிறான். சூனியக்காரி போட்ட சாபத்தை இத்தனை நாள் விழாமல் தாங்கிப் பிடித்திருந்தது சோஃபியின் சொந்த வாய். இந்த ஒரு வரி, நாவலின் முதல் வாக்கியத்தையே மாற்றிவிடுகிறது. இங்கரி என்ற அந்த நாட்டில் மூவரில் மூத்தவராகப் பிறப்பது துரதிர்ஷ்டம் என்று நாவல் தொடங்கும். நம் ராஜா கதைகளிலும் மூத்த இளவரசர்கள் போய்த் தோற்பார்கள், கடைசி இளவரசன்தான் ஜெயிப்பான். மூத்தவளான தனக்கு எதுவும் வாய்க்காது என்று சோஃபி நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொன்னது பலிக்கும் என்பதை அறிந்தபின் அந்தச் சலிப்புப் பேச்சைப் படிக்கும்போது கொஞ்சம் பயமாகவே இருக்கிறது. கடைசியில் கட்டை அவிழ்க்கும்போது கால்சிஃபரும் ஹவுலும் சாகாமல் பிழைப்பதற்கும் காரணம் இதே வாய்தான். இன்னும் ஆயிரம் ஆண்டு வாழ்ந்துகொள் என்று அவள் பூதத்திடம் சொல்கிறாள், அது வாழ்கிறது. தொப்பிகளிடம் பேசியவள் என்ற அத்தாட்சி முதல் அத்தியாயத்திலேயே இருப்பதால், அந்த இடத்தில் எனக்குச் சந்தேகமே எழவில்லை.

படம் இந்த இழையை முற்றாக விட்டுவிட்டு, அதற்கு ஈடாக வேறொன்றைச் செய்கிறது. சோஃபியின் வயது காட்சிக்குக் காட்சி, சில நேரம் ஒரே காட்சிக்குள்ளேயே, ஏறி இறங்குகிறது. தூங்கும்போது முகச் சுருக்கங்கள் மறைந்துவிடுகின்றன. பூக்கள் நிறைந்த வெளியில் ஹவுலோடு நிற்கும்போது இளம்பெண்ணாக இருப்பவள், தான் அழகி இல்லை, வீடு பெருக்கத்தான் லாயக்கு என்று சொன்ன மாத்திரத்தில் கூன் விழுந்து நிற்கிறாள். எழுத்தில் இதைச் செய்தால் கணக்கு ஒப்பிப்பதுபோல் ஆகிவிடும். படத்தில் யாரும் எதையும் விளக்குவதில்லை. ஜப்பானிய மொழியில் இளம் சோஃபிக்கும் கிழ சோஃபிக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே, அப்போது 63 வயதான சியெகோ பைஷோ. திருமணத்தைத் தவிர்க்க விநாயகரிடம் முதுமையை வரமாகக் கேட்ட ஔவையின் கதையை அறிந்த நமக்கு, கிழவியானபின் சோஃபிக்கு வரும் துணிச்சல் புதிதல்ல. அந்தத் துணிச்சலைப் புத்தகமும் படமும் ஒரே அளவு நேசிக்கின்றன.

இரண்டாம் முறைக்கென்று படமும் ஒரு பரிசை வைத்திருக்கிறது என்பதை மறைப்பது நியாயமில்லை. தொடக்கத்தில் சிப்பாய்களிடம் மாட்டிக்கொண்ட சோஃபியின் தோளில் கை போட்டு, உன்னைத்தான் தேடிக்கொண்டிருந்தேன் என்கிறான் ஹவுல். அவளைக் காப்பாற்றச் சொன்ன பொய் என்றே முதலில் நினைப்போம். கடைசியில் சோஃபி கடந்த காலத்துக்குள் நுழைந்து, சிறுவன் ஹவுலைப் பார்த்து, எதிர்காலத்தில் என்னைத் தேடு என்று கத்தியபின், அந்தப் பொய் உண்மையாகிவிடுகிறது. இதைக் கவனித்தபோது மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் இப்படி ஒரு முடிச்சுதான் எனக்குப் படத்தில் கிடைத்தது. புத்தகத்தில் அத்தியாயத்துக்கு ஒன்று கிடைக்கிறது. மேலும் படத்தின் இறுதிப் பத்து நிமிடங்கள் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. ஒரு முத்தத்தில் பொம்மை அண்டை நாட்டு இளவரசனாகிறது. அரசவை மந்திரவாதினி இந்த முட்டாள்தனமான போரை முடித்துவிடலாம் என்கிறாள். அத்தனை ஊர்களை எரித்த போர் முடிந்துவிடுகிறது. முதலில் பார்த்தபோது இசையில் மூழ்கி இதைக் கவனிக்கவில்லை, மறுமுறை உறுத்தியது.

புத்தகமும் கடைசியில் தடுமாறத்தான் செய்கிறது. யார் எந்த வேடத்தில் இருக்கிறார்கள் என்பதைக் கடைசி இரண்டு அத்தியாயங்களில் ஒரே மூச்சில் அவிழ்ப்பதால், ஒரு ஆள் உண்மையில் இரண்டு ஆட்களின் பாகங்களால் ஆனவர் என்ற இடத்தில் நான் பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்ட வேண்டியிருந்தது. 17ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஜான் டன்னின் கவிதை ஒன்றே ஹவுலின் மேல் விழுந்த சாபமாக வருவதும், அதன் வரிகள் ஒவ்வொன்றாகப் பலிப்பதும் அழகான யோசனை. ஆனால் அந்த ஆங்கிலம் பள்ளிப் பிள்ளைக்கு எளிதல்ல, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து சொல்ல வேண்டியிருக்கும். என் தீர்ப்பில் படத்துக்குப் பாதகமான ஒன்றும் உண்டு: நான் அதை வீட்டுத் தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். அந்தக் கோட்டை திரையரங்கின் முழுத் திரையில் நடந்து வந்திருந்தால், இவ்வளவு உறுதியாக எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்.

தங்கை மகள் 21 அத்தியாயங்களையும் ஆறு நாளில் முடித்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆங்கிலக் குரல்பதிவில் படத்தைப் போட்டோம். சோஃபிக்கு முடி செம்பட்டையாக அல்லவா திரும்ப வேண்டும், ஏன் நரையாகவே விட்டுவிட்டார்கள் என்று சண்டைக்கு வந்தாள். அதற்கு முன்பு, அரண்மனைப் படிக்கட்டில் சோஃபியும் சூனியக்காரியும் மூச்சிரைக்க ஏறும் காட்சியில், முறுக்குத் தட்டைக் கீழே வைத்துவிட்டிருந்தாள். ஒருத்தி நாயைத் தூக்கிக்கொண்டு, இன்னொருத்தி வியர்வையில் கரைந்துகொண்டு, இரண்டு கிழவிகளும் படிபடியாக ஏறுகிறார்கள். தன்னைச் சபித்தவளைப் பார்த்து, உனக்கு இதெல்லாம் வேண்டுமா, திரும்பிப் போ என்பதுபோல் சோஃபி அக்கறையோடு கத்துகிறாள். புத்தகத்தில் இப்படி ஒரு காட்சியே இல்லை.

படம் முடிந்தபின் அவள் சொன்னாள்: "புக்ல அந்தச் சூனியக்காரி செத்துப் போயிடறா மாமா. இதுல அவளுக்கு சக்தியெல்லாம் போனதும் அடுப்புப் பக்கத்துல இடம் குடுத்து உக்கார வைக்கிறாங்க. எனக்கு அதான் பிடிச்சிருந்தது." நான் எடை போட்ட தட்டில் இதை வைக்கவே இல்லை. படத்தை முதலில் பார்த்திருந்தால் இதைக் கவனித்திருப்பாயா என்று கேட்டேன். "தெரியலையே மாமா" என்று சொல்லிவிட்டு முறுக்குத் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.