விலங்குகளின் கால்தடம்: வரைவதா, அச்சு எடுப்பதா?

குழந்தைகளுக்குக் கால்தடங்களை அடையாளம் காணக் கற்பிப்போர், நோட்டில் வரையச் செய்வதா, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு எடுப்பதா என்று தயங்குவதுண்டு.

செலவு: வரைவதற்குப் பென்சிலும் அளவுகோலும் போதும், அச்சுக்கு ஒவ்வொரு முறையும் பவுடர் வாங்க வேண்டும்.

எளிமை: வரைதல் உடனே முடியும், அச்சு இறுகும் வரை காத்திருக்க வேண்டும், கலவை சூடாகும் என்பதால் பெரியவர் ஒருவர் உடனிருப்பது கட்டாயம்.

கற்றல்: இங்கே வரைதலே முந்துகிறது. நாயின் தடத்தில் நான்கு விரல்களுக்கும் முன்னே நகக்குறி தெரியும், பூனையோ நடக்கையில் நகங்களை உள்ளிழுத்துக்கொள்வதால் அது பெரும்பாலும் பதியாது என்ற வேறுபாட்டை, வரையும் குழந்தை தானே கண்டுகொள்ளும். அடிகளுக்கு இடையிலான தூரம், எச்சம், மரப்பட்டையின் கீறல் ஆகியவற்றையும் அதே பக்கத்தில் குறிக்கலாம்.

நீடிப்பு: அச்சு பல ஆண்டுகள் இருக்கும், தடத்தின் ஆழத்தையும் தடவி உணரலாம்.

அடிக்கடி வெளியே செல்வோருக்கு வரைதல் பொருந்தும். பார்வைக் குறைபாடுள்ள குழந்தைக்குக் கற்பிப்போர் தயங்காமல் அச்சைத் தேர்ந்தெடுக்கலாம்.