லிங்க்ட்இன் ப்ரொஃபைலும் காதர்பேட்டை பனியன்களும்: நாலு வருஷ அனுபவம்

திருப்பூரில் ஒரு பையிங் ஆபீஸில், அதாவது வெளிநாட்டு பிராண்டுகளுக்காக இங்கே ஆடை வாங்கித் தரும் ஆபீஸில், பதினோரு வருஷம் க்யூசி (தரப் பரிசோதனை) வேலை பார்த்தேன். 2021 கடைசியில் அதை விட்டுவிட்டுத் தனியாக இன்ஸ்பெக்‌ஷன் எடுக்க ஆரம்பித்தேன். ஃபேக்டரிக்குப் போய், பேக்கிங் ஆன அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, பீஸ் உருவி, அளந்து, தையல் பார்த்து, ரிப்போர்ட் எழுதிக் கொடுக்க வேண்டும். வேலை திருப்பூரில்தான், ஆனால் காசு கொடுக்கிறவர் இங்கே இல்லை. ஆம்ஸ்டர்டாமிலோ கோபன்ஹேகனிலோ உட்கார்ந்துகொண்டு 800 டீ-ஷர்ட், 2000 ஹூடி என்று ஆர்டர் போடும் சின்ன பிராண்டுக்காரர் அவர். இங்கே ஆபீஸ் போட அவருக்குக் கட்டுப்படியாகாது. அவரைப் பிடிக்க எனக்குத் தெரிந்த ஒரே இடம் லிங்க்ட்இன்.

முதல் ஒன்றரை வருஷம் என் ப்ரொஃபைல் ஒரு பயோடேட்டா. பெயருக்குக் கீழே ஃப்ரீலான்ஸ் குவாலிட்டி கன்ட்ரோலர், பதினோரு வருஷ அனுபவம். போட்டோவைச் சுற்றி ‘ஓப்பன் டு வொர்க்’ பச்சை வளையம். வந்தவர்கள் யார் என்றால், வேலை கேட்கும் பசங்க, கூலிக்குத் தைத்துத் தர ஜாப் ஒர்க் கேட்கும் யூனிட்காரர்கள், நூல் விற்கிறவர்கள், ஆர்டர் பிடித்துத் தருகிறேன், கமிஷன் கொடுங்கள் என்கிறவர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த விசாரணை மொத்தமே இரண்டு. அதில் ஒருவருக்கு நான் இலவசமாக ஃபேக்டரி தேடித் தர வேண்டுமாம்.

சரி, நமக்கு எழுத வரவில்லை என்று நினைத்து, ப்ரொஃபைல் எழுதித் தருகிற ஒருவரிடம் 4,500 ரூபாய் கொடுத்தேன். பளபளவென்று இங்கிலீஷில் வந்தது. ஆர்வம், அர்ப்பணிப்பு, மதிப்புக் கூட்டல், எல்லாம் இருந்தது. என்னோடு முன்பு வேலை பார்த்த, ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் பெண் படித்துவிட்டுச் சொன்னாள்: “அக்கா, இதுல நீங்க பனியன் பாக்கறீங்களா பாலம் கட்டறீங்களான்னே தெரியலைங்க.” அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

விஷயம் புரிய ஆரம்பித்தது 2023-இல், டென்மார்க்கிலிருந்து ஒரு அம்மா கூப்பிட்டபோது. அவருடைய முந்தைய ஆர்டரில், துவைத்ததும் டீ-ஷர்ட்டின் பக்கத்துத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்துவிட்டதாம். சிங்கிள் ஜெர்ஸி என்கிற டீ-ஷர்ட் துணியில் இது சகஜம், ஸ்பைராலிட்டி என்போம். யாரோ போட்ட பதிவுக்குக் கீழே அதைப் பற்றி நான் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரியைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார். என் பதினோரு வருஷத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்குப் பிறகு உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றினேன். ஹெட்லைனுக்கு 220 எழுத்து இடம் உண்டு. ஆனால் தேடும்போது போனில் முதல் கொஞ்சம்தான் தெரியும். அதனால் ‘திருப்பூர்’, ‘நிட்வேர் இன்ஸ்பெக்‌ஷன்’ இரண்டையும் முன்னால் வைத்தேன் (நிட்வேர் என்றால் பின்னலாடை). பிறகு, முதல் ஆர்டர் போடும் சின்ன பிராண்டுகளுக்கு என்று ஒரு வரி. பச்சை வளையத்தை எடுத்தேன். மாசச் சம்பளத்துக்கு ஆள் தேடுகிறவர்களுக்கு, நான் வேலை தேடுகிறேன் என்று சொல்வதுதான் அது.

‘அபௌட்’ பகுதியில் 2,600 எழுத்து எழுதலாம், ஆனால் தட்டித் திறக்கும்வரை முதல் சில வரிகள்தான் கண்ணில் படும். அங்கே என் கதைக்குப் பதில் கணக்கை வைத்தேன். உங்கள் 2000 டீ-ஷர்ட்டில் 125-ஐ உருவிப் பார்ப்பேன். பெரிய குறை ஏழு வரை பாஸ், எட்டாவது வந்தால் ஃபெயில். இது ஒன்றும் என் கண்டுபிடிப்பு இல்லை. மாதிரி எடுத்துச் சோதிப்பதற்கான ஐஎஸ்ஓ 2859-1 என்ற சர்வதேசத் தரநிலையின் அட்டவணையில், லெவல் 2 (வழக்கமான சோதனை அளவு), ஏக்யூஎல் (எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்ற அளவு) 2.5-க்கு உள்ள எண்கள்தான். எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு மனப்பாடம். ஆனால் பிராண்டு தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகாதவருக்கு இதை யாரும் இப்படிச் சொன்னதில்லை. பேசும்போது பலர் அந்த வரியைத்தான் எடுத்துச் சொன்னார்கள்.

அதற்கடுத்து, நான் செய்யாதவை. வோவன் சட்டை, அதாவது தறியில் நெய்த துணிச் சட்டை, பார்ப்பதில்லை. ஃபேக்டரி தேடித் தருவதில்லை. தையல் முழுக்க முடிந்து, 80 சதவீதமாவது பேக் ஆகாமல் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போவதில்லை. ஃபேக்டரியிடம் ஒரு பைசா வாங்குவதில்லை. கடைசி வரியால் உள்ளூரில் பஞ்சாயத்து வந்தது. ஒரு ஃபேக்டரி முதலாளி, வேலை நடுவே கூப்பிட்டு நிறுத்தி, “ஏனுங்க மேடம், நாங்கெல்லாம் லஞ்சம் குடுக்கறவங்கன்னு உலகத்துக்கே எழுதி வச்சிருக்கீங்களாமே?” என்றார். கோபம் வந்தது, ஆனால் வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்குப் பணம் தருவது பிராண்டு மட்டுமே என்று மாற்றினேன். வாங்குகிறவருக்குப் புரிய வேண்டியது புரிகிறது, இங்கே யார் முகமும் சுளிக்கவில்லை.

பெரிய தலைவலி போட்டோ. என் ரிப்போர்ட் எதையும் வெளியே காட்ட முடியாது. ஃபேக்டரி உள்ளே எடுத்த படம் அதைவிட ஆகாது. வேலையைக் காட்டாமல் வேலை தெரியும் என்று எப்படி நம்ப வைப்பது? ஒரு ஞாயிற்றுக்கிழமை காதர்பேட்டையில் பையனுக்கு டிராயர் வாங்கப் போனபோதுதான் வழி கிடைத்தது. எக்ஸ்போர்ட் மிச்சமும், குறையால் ஒதுக்கிய செகண்ட்ஸும் குவிந்து கிடக்கும் இடம். நான் வேலையில் தேடிப் பிடிக்கும் குறைகளெல்லாம் அங்கே குவியலாக விலைக்கு இருந்தன. நீடில் லைன் (பின்னும் ஊசிக் கோளாறால் வரும் நீளக் கோடு) ஓடிய பனியன், உடம்பும் காலர் ரிப்பும் வேறு வேறு ஷேடில், எண்ணெய்க் கறை, முறுக்கிய தையல். பிராண்டு லேபிள் வெட்டியதாகப் பார்த்து 14 பீஸ் வாங்கி வந்தேன். ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து, இது ஏன் வருகிறது, எந்தக் கட்டத்தில் பிடிக்கலாம் என்று எழுதி ஒன்பது பக்க பிடிஎஃப் ஆக்கி, ப்ரொஃபைலில் நம் வேலையை எடுத்துக் காட்டும் ‘ஃபீச்சர்டு’ பகுதியில் போட்டேன். இந்த நாலு வருஷத்தில் நான் செய்த உருப்படியான காரியம் அதுதான். வீட்டில் எல்லோரும் இப்போது டிஃபெக்ட் பனியன்தான் போடுகிறார்கள், அது வேறு விஷயம்.

மேலே பேனரில் முன்பு சூரிய உதயம் இருந்தது, ஏனென்று கேட்காதீர்கள். இப்போது ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) பார்க்கும் கட்டரும் தராசும். வட்டமாக 100 சதுர சென்டிமீட்டர் வெட்டி, கிராமில் வரும் எடையை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். 180 கேட்டு 165 வாங்கி ஏமாந்தவருக்கு அந்தப் படமே போதும்.

மாற்றிய மாதமே பயந்துவிட்டேன். தேடலில் என் பெயர் வந்த எண்ணிக்கை வாரம் அறுபது என்றிருந்தது இருபதுக்கு இறங்கிவிட்டது. பழையபடி மாற்றிவிடலாமா என்றுகூட இருந்தது. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில் ஒன்பது பேர் விசாரித்தார்கள், நாலு வேலையாக முடிந்தது. இன்றைக்கு நிரந்தரமாக ஆறு பிராண்டுகள். குறைந்துபோன அந்த நாற்பது பேர் நூல்காரர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

ப்ரொஃபைலுக்காக வாடிக்கையாளரிடம் ரெக்கமண்டேஷன் கேட்பதில் ஒரு சூட்சுமம். எழுதித் தாருங்கள் என்று பொதுவாகக் கேட்டால், நல்லவர், நேரம் தவறாதவர் என்று வரும். அதை வைத்து என்ன செய்வது? அந்த காலர் ஷேடு விவகாரம் நடந்ததே, அதை மட்டும் இரண்டு வரி எழுத முடியுமா என்று கேட்டால், 1,200 ஹூடியைக் கப்பலேறாமல் நிறுத்திய கதை அப்படியே வருகிறது.

லிங்க்ட்இன்னின் கட்டணச் சேவையான பிரீமியம் மூன்று மாதம் கட்டிப் பார்த்தேன். யார் வந்து பார்த்தார்கள் என்ற நீளமான பட்டியலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை, விட்டுவிட்டேன். என்ன வேலை செய்து தருகிறோம் என்று காட்டும், இலவசமாக உள்ள சர்வீசஸ் பக்கமே எனக்குப் போதும். தினமும் ஒரு பதிவு என்று ஒரு மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுதியதும் உண்டு. லைக் போட்டதெல்லாம் இங்கேயும் டாக்காவிலும் உள்ள க்யூசி தம்பிகள். நன்றாகப் பேசினோம், ஆர்டர் ஒன்றும் வரவில்லை. இப்போது மாதம் ஒன்று, அதுவும் ஜூலை, ஆகஸ்டில் கிடையாது. ஐரோப்பாவில் பாதிப் பேர் லீவில் இருப்பார்கள்.

பிடிஎஃபில் பத்தாவது பக்கம் ஒன்று பாக்கி. சின்னக் குழந்தைகளின் ஹூடியில் தலைப்பகுதிக்கு நாடா வைக்கக் கூடாது என்பது ஐரோப்பாவின் ஈஎன் 14682 தரநிலை. நெதர்லாந்து வாடிக்கையாளர் ஒருவர் அதைப் பற்றிக் கேட்டார். படம் எடுக்க, நாடா வைத்த ஒரு நாலு வயசு ஹூடி வேண்டும். மூன்று ஞாயிறாகக் காதர்பேட்டையில் தேடுகிறேன், இன்னும் அகப்படவில்லை.