சிகாகோ: முதலில் படகு, கடைசியில் கோபுரம்

சிகாகோவுக்கு முதல் தடவை வருபவர்களில் பலர் நேராக வில்லிஸ் டவர் உச்சிக்குப் போய்விடுகிறார்கள். கோடையிலும் பனியிலும் வருடக்கணக்காக இந்த ஊரைச் சுற்றிய அனுபவத்தில் சொல்கிறேன், முதல் நாள் காலையில் ஏற வேண்டியது ஆற்றுப் படகு. ஒன்றரை மணி நேரத்தில் ஊரின் அமைப்பு மனதில் பதிந்துவிடும். அதற்குப் பிறகு மேலே ஏறிப் பார்த்தால் ஒவ்வொரு கட்டடமும் தெரிந்த முகமாக இருக்கும்.

படகிலும் வகை உண்டு. கட்டடக்கலைச் சுற்றுலா என்று தெளிவாகப் போட்டிருப்பதையே எடுங்கள். சிகாகோ ஆர்க்கிடெக்சர் சென்டரின் படகு மிச்சிகன் அவென்யூ பாலத்தின் தென்கிழக்கு மூலையில் படி இறங்கும் இடத்திலிருந்து கிளம்புகிறது. விளக்கம் சொல்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள். 'ஆறும் ஏரியும்' என்று விற்கும் படகுகள் மிச்சிகன் ஏரிக்குள் போக, நீர்மட்டத்தைச் சமன்செய்யும் கதவுகள் கொண்ட நீர்ப்பூட்டைக் கடக்க வேண்டும், கட்டடங்களுக்கான நேரத்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். அந்தப் பூட்டு இருப்பதற்குக் காரணம் உண்டு. ஊரின் கழிவு குடிநீர் ஏரியில் கலக்காமலிருக்க, 1900-இல் ஆற்றின் ஓட்டத்தையே திருப்பி ஏரியிலிருந்து வெளியே போகச் செய்துவிட்டார்கள்.

எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஒன்றுதான், படகு திரும்பி வரும்போது மறுபக்கமும் கிடைக்கும். மேல்தளத்தில் நிழல் கிடையாது, ஜூலையில் தொப்பி அவசியம். மே மாதத்தில் ஜாக்கெட் அவசியம். ஏரித் தண்ணீர் மெதுவாகத்தான் சூடேறும், கிழக்குக் காற்று வீசினால் கரையோரம் மட்டும் சட்டென்று குளிர்ந்துவிடும். நகரத்து வெப்பநிலையைப் பார்த்து உடுத்தி வந்தால் நடுக்கம்தான்.

முகவரி முறையைப் புரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம். ஸ்டேட் தெருவும் மாடிசன் தெருவும் சந்திக்கும் இடம் பூஜ்யம். அங்கிருந்து எந்தத் திசையிலும் 800 எண்கள் பொதுவாக ஒரு மைல். '1600 வடக்கு' என்றால் மாடிசனுக்கு வடக்கே இரண்டு மைல், கிட்டத்தட்ட முக்கால் மணி நேர நடை. போனே தேவையில்லை.

போன் கைவிடும் இடமும் ஒன்று இருக்கிறது. ஆற்றங்கரையில் வாக்கர் டிரைவ் அடுக்குச் சாலை, மிச்சிகன் அவென்யூவுக்கும் அந்தப் பகுதியில் மேல், கீழ் என்று இரண்டு தளம். கீழ்த்தளத்தில் ஜிபிஎஸ் சிக்னல் நின்றுவிடும், நீல நிறப் புள்ளி எங்கோ குதிக்கும். ஊபர் வண்டி கீழே நிற்கும், நீங்கள் மேலே நிற்பீர்கள், வரைபடத்தில் இருவரும் ஒரே இடத்தில் இருப்பதுபோல் காட்டும். பாலத்தை விட்டு இரண்டு தெரு தள்ளிப் போய், தலைக்கு மேல் வானம் தெரியும் இடத்தில் வண்டியைக் கூப்பிடுங்கள்.

ஆர்ட் இன்ஸ்டிட்யூட் கலை அருங்காட்சியகத்துக்கு அரை நாள் போதாது. செவ்வாய், புதன் விடுமுறை என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், கட்டிய திட்டம் பெரும்பாலும் இங்கேதான் உடைகிறது. கூட்டம் முழுக்க ஸோராவின் புள்ளி ஓவியத்துக்கும் ஹாப்பரின் 'நைட்ஹாக்ஸ்' ஓவியத்துக்கும் போகும். அவற்றைத் திறந்ததும் முதல் மணி நேரத்தில் முடித்துவிட்டு, ரயில் பாதைக்கு மேல் பாலம்போல் கட்டிய கூடத்துக்கு வாருங்கள். ஆல்ஸ்டார்ஃப் காலரி என்று பெயர். அங்கே நாகப்பட்டினத்துப் புத்தர் தியானத்தில் அமர்ந்திருக்கிறார். சோழர் காலம், 12-ஆம் நூற்றாண்டு, கருங்கல். அருகில் போய்ப் பார்த்தால் நம் கோயில் தூண்களில் கை வைக்கும்போது தெரியும் அதே பொடிமணிக் கல். அந்தச் சொரசொரப்பில் இவ்வளவு அமைதியான முகம் எப்படி வந்தது என்று நின்றுவிடத் தோன்றும். ஸ்ரீவிஜய அரசன் நாகையில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடையாகத் தந்த வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்தச் சிலை வெறும் காட்சிப்பொருளாக இருக்காது.

இதே கட்டடத்தில்தான் 1893 செப்டம்பர் 11-இல் விவேகானந்தர் சர்வமத சபையில் பேசினார். அவரை அனுப்பிவைக்கச் சென்னையில் வீடு வீடாகப் பணம் திரட்டியவர் அளசிங்கப் பெருமாள். வாசலை ஒட்டிய மிச்சிகன் அவென்யூ பகுதிக்குச் சுவாமியின் பெயரைக் கௌரவமாகச் சூட்டியிருக்கிறார்கள்.

பக்கத்திலேயே மில்லேனியம் பூங்கா, இலவசம். அனிஷ் கபூரின் 'கிளவுட் கேட்' 168 எஃகுத் தகடுகளைப் பற்றவைத்து மெருகேற்றியது, இணைப்புக் கோடு ஒன்றுகூடக் கண்ணுக்குப் படாது. காலையில் திறந்ததும் போனால் நிதானமாகப் பார்க்கலாம். எதிரே கல்ச்சுரல் சென்டர், 1897-இல் நூலகமாகக் கட்டியது. அதன் டிஃபனி கண்ணாடிக் குவிமாடம் 38 அடி அகலம், அதற்கும் கட்டணமில்லை. மழை பெய்தால் ஒதுங்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

இனி கோபுரம். வில்லிஸ் டவர் 110 மாடி, 442 மீட்டர். ஸ்கைடெக் என்ற பார்வைத்தளம் 103-ஆம் மாடியில். ஒன்பது குழாய்களைக் கட்டாகச் சேர்த்து நிறுத்தியதுபோன்ற அந்த அமைப்பு டாக்காவில் படித்து வளர்ந்த பொறியாளர் ஃபஸ்லுர் கானுடையது. அங்கே சுவருக்கு வெளியே நீட்டிய கண்ணாடிப் பெட்டியில் நிற்கக் கிடைப்பது ஓரிரு நிமிடம்தான், அதற்கான வரிசை மிக நீளம். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் பழைய ஜான் ஹான்காக் கட்டடத்தின் 94-ஆம் மாடியே என் தேர்வு. ஏரிக்கரை வளைவும் நகரமும் அங்கிருந்து ஒன்றாகத் தெரியும், அந்தக் கட்டடமும் கானின் வேலைதான். அதே கட்டடத்து 96-ஆம் மாடி பாரில் காசில்லாமல் காட்சி பார்க்கலாம் என்று பழைய குறிப்புகள் சொல்லும். அது 2023-இல் மூடப்பட்டுவிட்டது. டிக்கெட்டை முன்கூட்டியே வாங்காமல், அன்றைய மேகத்தைப் பார்த்து வாங்குங்கள். கோபுரத்தின் தலை தெரியவில்லை என்றால் மேலேயிருந்து தரையும் தெரியாது.

ஐந்து இடங்களுக்கான கூட்டு டிக்கெட்டான சிட்டிபாஸ் லாபமா என்று எல்லோரும் கேட்பார்கள். முதல் உபயோகத்திலிருந்து ஒன்பது நாள் செல்லும், ஷெட் மீன்காட்சியகமும் ஸ்கைடெக்கும் அதில் நிரந்தரம், மற்ற மூன்றை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். நான்கு நாளுக்குக் குறைவாகத் தங்குபவர்கள் ஐந்தையும் ஓடி ஓடித்தான் முடிக்க முடியும். இரண்டு அருங்காட்சியகம் போதும் என்பவர்கள் தனித்தனியே வாங்குவதே மேல்.

அந்த இரண்டில் ஒன்று ஃபீல்ட் மியூசியமாக இருக்கட்டும். 'சூ' என்ற டி-ரெக்ஸ் டைனோசர் எலும்புக்கூட்டின் மேல் இருக்கும் தலை வார்ப்பு நகல். உண்மையான மண்டை ஓடு தூக்கி மாட்ட முடியாத கனம், ஆகவே தனிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். பலர் அதைக் கவனிக்காமலே போகிறார்கள். பக்கத்து சோல்ஜர் ஃபீல்ட் மைதானத்தில் கால்பந்து ஆட்டம் உள்ள நாளில் காரில் போகவே வேண்டாம், பார்க்கிங் கட்டணம் எகிறிவிடும். ரூஸ்வெல்ட் நிலையத்திலிருந்து 146 பஸ் வரும். மாலையில் பக்கத்து ஆட்லர் கோளரங்கத்துத் திண்டில் உட்கார்ந்தால் ஊர் முழுக்க எதிரே தெரியும்.

இன்னொன்று தெற்கே ஹைட் பார்க்கில் உள்ள அறிவியல் அருங்காட்சியகம். 1944 ஜூன் 4-இல் பிடித்த ஜெர்மன் நீர்மூழ்கி யு-505 அங்கே முழுசாக இருக்கிறது. உள்ளே இறங்கிப் பார்க்கத் தனி டிக்கெட், உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக வாங்காவிட்டால் தீர்ந்துவிடும். மெட்ரா எலெக்ட்ரிக் ரயில் வசதி. நடக்க மனமிருந்தால் ஏ. கே. ராமானுஜன் சங்கப் பாடல்களை மொழிபெயர்த்தபடி பாடம் நடத்திய பல்கலைக்கழக வளாகம் பக்கத்தில்தான்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். எல்லா ரயில் நிலையத்திலும் லிஃப்ட் கிடையாது, வரைபடத்தில் சக்கர நாற்காலிக் குறி உள்ள நிலையங்களாகப் பார்த்து இறங்குங்கள். கால் வலிக்கும் நாளில் பிரவுன் லைனில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாலே போதும், இரண்டாம் மாடி உயரத்தில் கட்டடங்களுக்கு நடுவே லூப் என்ற நகர மையத்தைச் சுற்றி வரும். சாப்பாட்டுக்கு ரெட் லைனில் லயோலா வரை போய் 155 பஸ் பிடித்தால் இந்திய உணவகங்கள் நிறைந்த டெவன் அவென்யூ. சனி, ஞாயிறு மாலைகளில் அங்கே கார் நிறுத்த இடம் கிடைக்காது, பஸ்தான் சரி.