ஜூஸ், நெக்டார், டிரிங்க்: எதில் எவ்வளவு மாம்பழம்?

கிருஷ்ணகிரி பேருந்து நிலையக் கடையில் நாம் கேட்பது ‘மாம்பழ ஜூஸ்’. கையில் வரும் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் ஜூஸ் என்ற சொல்லே பெரும்பாலும் இருக்காது. ‘ஃப்ரூட் டிரிங்க்’ என்றோ ‘பெவரேஜ்’ என்றோ சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். பேச்சில் எல்லாமே ஜூஸ்தான், உணவுச் சட்டத்திலோ ஒவ்வொரு சொல்லுக்கும் தனி அளவு உண்டு. பர்கூர், போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் என்று திரும்பிய பக்கமெல்லாம் மாந்தோப்பு வைத்திருக்கும் நம் மாவட்டத்துக்காரர்கள் இந்தச் சொற்களைக் கட்டாயம் பிரித்தறிய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நம் பழம் அந்தப் பாட்டிலுக்குள் எவ்வளவு போகிறது என்பதை முடிவு செய்வது இவைதான்.

ஜூஸ் என்றால் முழுக்கப் பழச்சாறு. செறிவாக்கிய சாற்றில் தண்ணீரைத் திரும்பக் கலந்து தயாரித்ததையும் ஜூஸ் என்று விற்கலாம். ஆனால் அது ‘ரீகான்ஸ்டிடியூட்டட்’ என்று லேபிளில் சொல்லியாக வேண்டும். கிலோவுக்கு 15 கிராமுக்கு மேல் இனிப்பு சேர்த்திருந்தால் ‘ஸ்வீட்டன்ட் ஜூஸ்’ என்று குறிப்பிட வேண்டும். இப்படித் தண்ணீர் கலந்து மீட்டெடுத்த சாற்றின் மீது ‘100 சதவீத பழச்சாறு’ என்று எழுதும் வழக்கத்தை, 2024 ஜூன் மாதம் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் நிறுத்தச் சொன்னது. நல்ல உத்தரவு. முன்பே வந்திருக்க வேண்டியது.

நெக்டார் என்பது காதுக்கு ஜூஸைவிட உயர்வாக ஒலிக்கிறது. கிரேக்கப் புராணத்தில் தேவர்கள் அருந்திய பானத்தின் பெயர் அது. பூவில் சுரக்கும் தேனுக்கும் அதே பெயர்தான். கடை அலமாரியில் மட்டும் அது ஜூஸுக்கு ஒரு படி கீழே நிற்கிறது. பன்னாட்டு உணவுத் தர நெறியான கோடெக்ஸின் 2005ஆம் ஆண்டுத் தரத்தின்படி, மாம்பழ நெக்டாரில் பழத்தின் பங்கு குறைந்தது 25 சதவீதம் இருந்தால் போதும். மீதியில் பெரும்பகுதி தண்ணீரும் சர்க்கரையும். அகராதிப் பொருளை நம்பி வாங்குபவர் ஏமாறும் இடம் இது.

அதற்கும் கீழே டிரிங்க். இந்திய விதிப்படி பழப் பானத்தில் பழம் 10 சதவீதம் இருந்தால் போதும், எலுமிச்சைக்கு 5 சதவீதம். 200 மில்லி பாட்டிலில் 10 சதவீதம் என்றால் 20 மில்லி, அதாவது நான்கு டீஸ்பூன் மாங்கூழ். சில நிறுவனங்கள் இதைவிட அதிகமாகவே சேர்க்கின்றன. பாட்டிலின் பின்புறம் ‘மேங்கோ பல்ப்’ என்ற சொல்லை அடுத்து வரும் சதவீதத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது விதி. சர்க்கரை முன்னாலும் பழம் பின்னாலும் நின்றால், அதில் பழத்தைவிடச் சர்க்கரை அதிகம் என்று பொருள்.

தோப்புக்காரரின் பக்கமிருந்து பார்த்தால் வேறுபாடு இன்னும் உறைக்கும். ஒரு டன் மாங்கூழில் 25 சதவீத நெக்டார் நான்கு டன் தயாரிக்கலாம். அதே கூழைக்கொண்டு 10 சதவீத டிரிங்க் பத்து டன் தயாரிக்கலாம். கூழுக்குப் போகும் மாங்காய் ரகமான பெங்களூராவுக்கு விலை சரிந்து, பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாமல் மரத்திலேயே விட்டுவிடும் ஆண்டுகளில் இந்தக் கணக்கு எனக்கு மிகவும் வலிக்கிறது. அதற்காகத் தண்ணீர் சேர்ப்பதே தவறு என்று சொல்லிவிட முடியாது. சாத்துக்குடியைப் பிழிந்தால் சாறு ஓடும், மாம்பழத்தில் வருவது கூழ். அதை அப்படியே பாட்டிலில் அடைத்தால் குடிக்க முடியாது. கேள்வி எவ்வளவு தண்ணீர் என்பதுதான். பணம் கொடுத்து வாங்குவதென்றால் நான் நெக்டாரை, அல்லது பழத்தின் சதவீதத்தைத் தெளிவாகப் போட்டு அதில் முந்தி நிற்கும் டிரிங்கைத்தான் எடுப்பேன். ‘மேங்கோ ஃப்ளேவர்ட்’ என்றால் மாம்பழச் சுவையூட்டியது என்று மட்டுமே பொருள், பழம் இருந்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. அந்தப் பக்கமே போக மாட்டேன்.

ஆலைகளில் புழங்கும் இன்னொரு ஜோடி பல்ப், பியூரே. இவை இரண்டும் நடைமுறையில் ஒன்றே. நாம் மாங்கூழ் என்பதை இந்திய வணிகர் பல்ப் என்கிறார், ஐரோப்பியக் கொள்முதலாளர் பியூரே என்கிறார். கான்சன்ட்ரேட் மட்டும் தனி. கூழிலிருந்து தண்ணீரை ஆவியாக்கிக் கெட்டிப்படுத்தியது அது. கரைந்திருக்கும் திடப்பொருளை, பெரும்பாலும் சர்க்கரையை, பிரிக்ஸ் என்ற அளவில் சொல்வார்கள். பெங்களூரா கூழ் 14 பிரிக்ஸ் என்றால் அதன் கான்சன்ட்ரேட் 28 பிரிக்ஸ். ஏற்றுமதிப் பேச்சில் பல்ப், கான்சன்ட்ரேட் என்ற இரண்டு பெயர்களை மாற்றிச் சொன்னால் விலையே மாறிப்போகும்.

வீட்டில் கலந்து குடிக்க வாங்கும் ஸ்குவாஷும் கிரஷ்ஷும் அண்ணன் தம்பிகள். இரண்டிலும் பழம் குறைந்தது 25 சதவீதம். கரைந்த திடப்பொருள் ஸ்குவாஷில் 40 சதவீதத்துக்கும் கிரஷ்ஷில் 55 சதவீதத்துக்கும் குறையக் கூடாது. ஆகவே கிரஷ் கூடுதல் கெட்டி, கூடுதல் இனிப்பு. பழம் கூடுதல் என்று நினைத்து அதை வாங்க வேண்டியதில்லை.

கடைசியாகத் தேதி. ‘பெஸ்ட் பிஃபோர்’ தரத்தைப் பற்றியது. அந்த நாளுக்குப் பிறகு மணமும் சுவையும் குறையலாம். ‘யூஸ் பை’, ‘எக்ஸ்பைரி’ இரண்டும் பாதுகாப்பைப் பற்றியவை. அந்த நாள் கடந்தால் குடிக்கவும் கூடாது, விற்கவும் கூடாது. 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி எக்ஸ்பைரி அல்லது யூஸ் பை தேதி கட்டாயம், பெஸ்ட் பிஃபோர் விருப்பம்போல் சேர்த்துக்கொள்வது. பாட்டிலில் இரண்டும் இருந்தால் பின்னால் வரும் எக்ஸ்பைரி தேதியே இறுதிக் கெடு.