ஆசியாவின் இயற்கை வேளாண்மைக்கு எது வழி: ஒரே தரநிலையா, இருநாட்டு ஒப்பந்தமா, உழவர் தரும் உத்தரவாதமா?

உலகில் இயற்கை விவசாயிகளின் எண்ணிக்கையில் முதலிடம் இந்தியாவுக்குத்தான். ஆசியா முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் இத்துறையில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஓரிரு ஏக்கரில் பாடுபடும் சிறு உழவர்கள். இவர்கள் விளைவித்த பொருள் ஆயிரக்கணக்கான கல் தொலைவிலுள்ள ஐரோப்பாவுக்குப் போகிற அளவுக்குச் சுலபமாகப் பக்கத்து நாட்டுக்குப் போவதில்லை. சிக்கிமில் விளைந்த இஞ்சியை எடுத்துக்கொள்வோம். பதப்படுத்தாத பயிர்ப் பொருட்களுக்கு இந்தியாவின் தேசியச் சான்றை ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதலே ஏற்றது. அதே இஞ்சியை ஜப்பானில் இயற்கை விளைபொருள் என்று விற்க, அந்நாட்டு அரசின் தரச் சான்றான ஜாஸ் முத்திரை தனியாக வேண்டும். சீனாவில் விற்கச் சீன விதிப்படி, சீனா அங்கீகரித்த நிறுவனம் தந்த சான்று தனியாக வேண்டும். ஒரே வயல், ஒரே உழைப்பு, மூன்று ஆய்வு, மூன்று கட்டணம்.

இந்த முடிச்சை அவிழ்க்க ஆசிய நாடுகள் ஒத்துழைக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எப்படி ஒத்துழைப்பது என்பதில்தான் வழிகள் பிரிகின்றன. மூன்று வழிகள் முன்னால் இருக்கின்றன: ஆசியாவுக்கென்று ஒரே பொதுத் தரநிலை, இரண்டு இரண்டு நாடுகளாகச் செய்துகொள்ளும் பரஸ்பர அங்கீகாரம், உழவர்களே ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் பங்கேற்பு உத்தரவாத முறை. மூன்றையும் ஒரு கேள்வியை வைத்தே எடைபோடுகிறேன். ஓர் ஏக்கர் உழவருக்கு இதனால் என்ன கிடைக்கும்?

பொதுத் தரநிலை: தாளில் நிறைவு, நடைமுறையில் குறை

முயற்சி புதிதல்ல. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு, ஐ.நா. வர்த்தக மேம்பாட்டு மாநாடு, இயற்கை வேளாண் இயக்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஐஃபோம் ஆகிய மூன்றும் சேர்ந்து 2003 முதல் நாடுகளின் விதிகளை இணக்கப்படுத்தும் வேலையில் இறங்கின. அதன் தொடர்ச்சியாக 2012-இல் ஆசியப் பிராந்திய இயற்கை வேளாண் தரநிலை உருவானது. 2014-இல் ஆசியான் நாடுகள் தமக்கென்று ஒரு தரநிலையை ஏற்றுக்கொண்டன. இரண்டுமே பன்னாட்டு உணவு நெறிமுறையான கோடெக்ஸின் வழிகாட்டுதலை ஒட்டியவை. நல்ல ஆவணங்கள்தான், குறை சொல்ல அதிகமில்லை.

பிறகு ஏன் இஞ்சி நகரவில்லை? தரநிலை வேறு, அங்கீகாரம் வேறு. இந்தத் தரநிலைப்படி விளைந்ததை எங்கள் நாட்டில் இயற்கை விளைபொருள் என்று விற்கலாம் என ஒவ்வொரு அரசும் தன் சட்டத்தில் எழுதினால்தான் ஆவணத்துக்கு உயிர் வரும். கிழக்கு ஆப்பிரிக்காவில் 2007-இல் இது நடந்தது. அங்கே கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் என்ற அமைப்புக்கு உறுப்பு நாடுகளின் சார்பில் ஒரு தரநிலையை முறைப்படி ஏற்கும் அதிகாரம் இருந்தது. ஆசியா முழுவதற்கும் அப்படி ஒரு மன்றம் இல்லை. இயற்கைப் பொருட்களை அதிகம் வாங்கும் ஜப்பான், சீனா, தென்கொரியா மூன்றும் சொந்தச் சட்டத்தை விட்டுக்கொடுக்கும் மனநிலையில் இல்லை.

ஆகவே பொதுத் தரநிலையை இலக்காக வைத்துக் காத்திருப்பது ஒரு தலைமுறை உழவர்களைக் காக்க வைப்பதற்குச் சமம். அளவுகோலாக மட்டும் அதற்குப் பெரும் பயனுண்டு. இரு நாடுகள் பேச உட்காரும்போது, ரசாயனத்தை விட்டு இயற்கைக்கு மாறும் மாறுகாலம் எத்தனை ஆண்டு, எந்த இடுபொருளுக்கு அனுமதி, ஒரே பண்ணையில் ரசாயனப் பயிரும் இயற்கைப் பயிரும் சேர்ந்து இருக்கலாமா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட நடுவில் வைக்கப் பொதுவான ஒரு தாள் வேண்டும். அந்த அளவோடு நிற்கட்டும்.

இருநாட்டு ஒப்பந்தம்: விரைவு உண்டு, பிடி வாங்குபவர் கையில்

நடப்பில் உண்மையாகவே பலன் தந்தது இந்த வழிதான். இந்தியாவும் தைவானும் செய்துகொண்ட பரஸ்பர அங்கீகாரம் 2024 ஜூலை 8 முதல் நடைமுறைக்கு வந்தது. இந்தியச் சான்று பெற்ற அரிசி, தேயிலை, மூலிகைப் பொருட்கள் மறு சான்று இல்லாமல் தைவான் கடைகளுக்குப் போகலாம். தைவான் பொருட்களும் அவ்வாறே இங்கே வரலாம். ஜப்பானும் தைவானும் 2020-இலேயே இப்படி இணைந்துவிட்டன. தென்கொரியா அமெரிக்காவுடன் 2014-இலும் ஐரோப்பிய ஒன்றியத்துடன் 2015-இலும் பதப்படுத்திய பொருட்களுக்குச் சம அங்கீகாரம் பெற்றது. ஆசிய நாடுகள் ஆசியாவுக்குள் கைகோப்பதைவிட அமெரிக்காவுடனும் ஐரோப்பாவுடனும் கைகோப்பதில்தான் முந்திக்கொள்கின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். விலை அதிகம் கிடைக்கும் பக்கம் வியாபாரம் சாய்வது இயல்பு. வேளாண்மைக் கொள்கையும் அப்படியே சாய்ந்துவிட்டதுதான் எனக்கு வருத்தம்.

அந்தச் சாய்வின் விலை என்ன என்பதை இந்தியா அனுபவித்தது. 2006 முதல் இந்தியச் சான்றளிப்பை ஏற்றுவந்த அமெரிக்க வேளாண் துறை, 2021 ஜனவரியில் அந்த ஏற்பாட்டை முடித்துக்கொண்டது. ஏற்றுமதியில் தொடர வேண்டியவர்கள் 18 மாதங்களுக்குள் அமெரிக்க விதிப்படி புதிதாகச் சான்று பெற வேண்டியதாயிற்று. 2020-இல் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு எச்சம் ஐரோப்பாவில் பிடிபட்டது. அடுத்த ஆண்டு இங்கே இயங்கிய சில சான்றளிப்பு நிறுவனங்களை ஐரோப்பிய ஒன்றியம் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. தவறு நடந்த இடத்தில் நடவடிக்கை தேவை, அதை மறுக்கவில்லை. ஆனால் எத்திலீன் ஆக்சைடு வயலில் தெளிக்கிற மருந்தல்ல, அறுவடைக்குப் பின் கிருமி நீக்கத்துக்குப் பயன்படுகிற வாயு. கிடங்கில் நடந்த காரியத்தின் சுமை, ஒழுங்காகப் பயிர்செய்த உழவரின் தலையிலும் சேர்ந்து இறங்குகிறது.

விதி மாறும்போதும் இதே கதைதான். 2022-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒழுங்குமுறை, உழவர் குழுவுக்கு 2,000 உறுப்பினர் என்ற உச்சவரம்பு வைத்து, குழுவே சட்டப்படி பதிவான அமைப்பாக இருக்க வேண்டும் என்றது. முன்பு பல இடங்களில் ஏற்றுமதி நிறுவனமே சான்றைத் தன் பெயரில் வைத்துக்கொண்டிருந்தது. அந்த வகையில் உழவர் அமைப்பின் கைக்குச் சான்று வருவது நல்ல மாற்றம், வரவேற்கிறேன். ஆனால் கணக்கு, தணிக்கை, அலுவலர் என்று அமைப்பு நடத்தும் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கு விதி எழுதியவர்கள் பதில் சொல்லவில்லை.

எனவே இருநாட்டு வழி வேலை செய்கிறது, ஏற்கெனவே சான்று வைத்திருப்பவர்களுக்கு. சான்று வாங்கவே முடியாதவருக்கு அது ஒரு கதவையும் திறப்பதில்லை. ஆய்வாளர் வந்துபோகும் செலவு நூறு ஏக்கருக்கும் ஓர் ஏக்கருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். ஏக்கருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்தால் சிறியவர் தலையில் விழுவது பல மடங்கு.

பங்கேற்பு உத்தரவாதம்: வயலைத் தினமும் பார்க்கிறவரின் சாட்சி

மூன்றாம் வழிக்கு வருகிறேன். பி.ஜி.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த முறையில் வெளி ஆய்வாளருக்குப் பதில் பக்கத்து உழவர்கள் வருகிறார்கள். இந்திய அரசு 2011-இல் தொடங்கிய திட்டத்தில் ஒரே ஊரையோ அடுத்தடுத்த ஊர்களையோ சேர்ந்த குறைந்தது ஐந்து உழவர்கள் ஒரு குழு. உறுதிமொழி எடுக்கிறார்கள், ஒருவர் நிலத்தை மற்றவர் ஆய்வு செய்கிறார்கள், மாறுகாலத்தில் ஒரு முத்திரை, அது முடிந்ததும் இன்னொரு முத்திரை.

இதைக் கேட்டதும் தங்களுக்குள் விட்டுக்கொடுத்துவிட மாட்டார்களா என்று சந்தேகம் வருவது நியாயம். வயலில் என்ன நடக்கிறது என்பதை நெருங்கிப் பார்த்தால் விடை வேறு மாதிரி வரும். வரப்போரப் புல் ஓரிடத்தில் மட்டும் கருகியிருந்தால் களைக்கொல்லி அடித்திருக்கிறார்கள் என்று உழவருக்குத் தெரியும். தெளிப்பான் சொந்தமா, ரசாயன மருந்து அடிக்கிறவரிடம் இரவல் வாங்கியதா என்பதும் ஊருக்குத் தெரியும். மருந்து பூசிய விதை சாயமேறி இளஞ்சிவப்பாக இருக்கும். மண்ணுக்குள் போய் முளைத்துவிட்டால் பார்வைக்குத் தடயம் மிஞ்சாது. ஆண்டுக்கு ஒருமுறை நாள் குறித்து வருகிற ஆய்வாளர் விதைப்பு நாளில் அங்கே இருக்க வாய்ப்பு குறைவு. பக்கத்து வயல்காரர் இருப்பார். மேட்டு நிலத்திலிருந்து மழைநீர் யாருடைய யூரியாவைச் சுமந்துகொண்டு எந்த மடை வழியாக இறங்குகிறது என்பதையும் அவரைவிட யாரும் துல்லியமாகச் சொல்ல முடியாது.

இது இந்தியாவோடு நிற்கவும் இல்லை. வியட்நாமில் ஹனோயை ஒட்டிய சோக் சோன் மாவட்டக் காய்கறி உழவர்கள் 2008 முதலே இம்முறையில் குழுவாக இயங்கி நகரத்துக்குக் காய்கறி அனுப்புகிறார்கள். பிலிப்பைன்ஸ் கதை இன்னும் முக்கியமானது. அங்கே 2010-ஆம் ஆண்டுச் சட்டம், மூன்றாம் தரப்புச் சான்று பெற்ற பொருளுக்கு மட்டுமே இயற்கை முத்திரை என்றது. சிறு உழவர்களால் அந்தக் கட்டணத்தைத் தாங்க முடியவில்லை. பத்தாண்டு போராட்டத்துக்குப் பிறகு 2020 டிசம்பரில் சட்டம் திருத்தப்பட்டு, பங்கேற்பு உத்தரவாதமும் செல்லும் என்றானது. ஒரு நாட்டின் சட்டமே வழிவிட முடியும் என்பதற்கு இது சான்று.

பலவீனங்கள் உண்டு. அரசு இலக்கு வைத்துக் குழுக்களைப் பதிவு செய்தால், மானியம் நிற்கும் நாளில் குழுவும் கலையும். உறவும் பகையும் உள்ள ஊரில் ஒருவரைத் தட்டிக்கேட்பது எளிதல்ல. எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, இந்தச் சான்று எல்லை தாண்டுவதில்லை. இந்தியாவில் அது உள்நாட்டுச் சந்தைக்கு மட்டுமே. ஜாஸ் முறையிலும் அதற்கு இடமில்லை. பிராந்திய ஒத்துழைப்பு கை வைக்க வேண்டிய இடம் இதுதான். இதுவரை கை வைக்காத இடமும் இதுதான்.

மூன்று வழிகளும் விட்டுவிட்ட ஒன்று

விளைபொருள் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். இடுபொருளும் எல்லை தாண்டுகிறது. 2021 மே மாதம் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாகத் தடை செய்தது. இருபது லட்சம் உழவர்களுக்கு உடனடியாக இயற்கை உரம் வேண்டும். நாட்டுக்குள் அவ்வளவு இல்லை. சீனாவிலிருந்து கப்பலில் உரம் வந்தது. அனுப்பிய மாதிரிகளில் பயிருக்குக் கேடான பாக்டீரியா இருப்பதாக இலங்கையின் பயிர்த் தடுப்புக்காப்பு நிலையம் சொன்னது. சீன நிறுவனம் மறுத்தது. இரு தரப்பும் ஏற்கும் மூன்றாவது ஆய்வகமோ, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட சோதனை முறையோ இல்லை. சரக்கு இறங்கவே இல்லை. ஆனால் இலங்கையின் அரசு வங்கி அறுபது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துத்தான் தகராறு தீர்ந்தது. அந்த நவம்பரிலேயே தடையும் நீங்கிற்று. பெரும்போக நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்தது. இயற்கை வேளாண்மை என்ற சொல்லுக்கே இலங்கை உழவர்களிடம் கெட்ட பெயர் வந்துவிட்டது என்பது இன்னும் ஆறாத காயம்.

மண்ணைப் பழக்க ஆண்டுகள் தேவை. சிக்கிம் சுமார் 75,000 ஹெக்டேரை மாற்றப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு 2016-இல்தான் முழு இயற்கை மாநிலம் என்று அறிவித்தது. அவசரத்தின் முதல் குற்றம் கொழும்பில் எடுத்த முடிவுதான். இரண்டாவது, அண்டை நாடுகளுக்கிடையே உரத்தைச் சோதிக்க ஒரு பொது ஏற்பாடு இல்லாதது.

உள்ளாட்சிகளின் கூட்டணி பற்றியும் ஒரு வார்த்தை. தென்கொரியாவின் கோசான் மாவட்டத்தில் 2015-இல் தொடங்கிய ஆசிய உள்ளாட்சிகளின் இயற்கை வேளாண் கூட்டமைப்பு சான்றளிக்கும் அமைப்பல்ல. ஆகவே மற்றவற்றுக்கு நேர்ப்போட்டி இல்லை. ஆனால் உள்ளாட்சியின் கையில் பள்ளி உணவு இருக்கிறது. சோல் நகரம் 2011-இல் சூழலுக்கிசைந்த விளைபொருட்களைக் கொண்ட இலவசப் பள்ளி உணவைத் தொடங்கியது. நிலையாக வாங்க ஆள் இருந்தால்தான் மாறுகாலத்து உழவர் தாக்குப்பிடிப்பார்.

என் தேர்வு

பங்கேற்பு உத்தரவாதத்தை உள்ளே வைத்து எழுதிய இருநாட்டு ஒப்பந்தத்தைத்தான் தேர்ந்தெடுப்பேன். பொதுத் தரநிலை ஒப்பிடும் தாளாக மேசையில் இருக்கட்டும். எல்லாப் பயிருக்கும் வேண்டாம். நில எல்லையைப் பகிரும் இரண்டு நாடுகள், இஞ்சி, ஏலம், பயறு என்று நாலைந்து பொருளோடு தொடங்கலாம். பூட்டான் 2020-க்குள் முழு இயற்கை நாடாவேன் என்று அறிவித்து, எட்ட முடியாமல் இலக்கை 2035-க்குத் தள்ளியிருக்கிறது. பக்கத்திலேயே சிக்கிமின் அனுபவம் இருக்கிறது. இந்தியாவும் பூட்டானும் இதற்கு ஏற்ற ஜோடி.

நிபந்தனைகள் கண்டிப்பாக இருக்க வேண்டும். குழுக்களின் பதிவேடு இரு நாட்டவரும் பார்க்கும்படி திறந்திருக்க வேண்டும். குழு முடக்கப்பட்டால் மறுபக்கத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் எடுக்கும் மாதிரிகளில் எச்சச் சோதனை நடக்க வேண்டும். அதன் செலவை உழவரிடம் அல்ல, இரு அரசுகளிடம் வாங்க வேண்டும். உரத்துக்கும் உயிர் இடுபொருளுக்கும் சோதனை முறையும் நடுநிலை ஆய்வகமும் ஒப்பந்தத்தின் இணைப்பிலேயே பெயர் குறித்து எழுதப்பட வேண்டும். சரக்கு துறைமுகத்துக்கு வந்த பிறகு ஆய்வகம் தேடுவது யாருக்கும் உதவாது.

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் உச்சி மாநாடு 2014-க்குப் பிறகு கூடவில்லை. அதை எதிர்பார்த்துப் பயனில்லை. தெற்காசியாவையும் தென்கிழக்காசியாவையும் இணைக்கும் பிம்ஸ்டெக்கில் இந்தியா, இலங்கை, பூட்டான், நேபாளம், வங்கதேசம் ஆகியவற்றோடு மியான்மரும் தாய்லாந்தும் இருக்கின்றன. முதல் இருநாட்டு ஒப்பந்தம் இரண்டு மூன்று அறுவடைகளைத் தாண்டி நின்றுவிட்டால், அதே வாசகத்தை அந்த மேசைக்குக் கொண்டுபோகலாம்.